பூட்டிய பெட்டியும் பகிரும் அறமும்

கருவிகள் பெருகப் பெருக மனிதனுடைய வசதிகள் பெருகுகின்றன என்று கூறுவோர் பலர். அறக் கேள்விகளும் உடன் பெருகுகின்றன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு நூலைப் படியெடுத்தல் பல மாத உழைப்பு. படியெடுத்துக் கொடுத்தவனை ஊர் வாழ்த்திற்று. அச்சுப்பொறி வந்தபின் படியெடுத்தல் எளிதாயிற்று. பதிப்புரிமை என்னும் சட்டமும் உடன் பிறந்தது. இன்று ஒரு கோப்பைப் படியெடுக்க ஒரு நொடி போதும். அதைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்று தெளிவதற்குத்தான் நெடுநேரம் ஆகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை ஆராய்வோம். தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள விரும்பும் ஒருவர் திறமூலக் கைப்பேசி ஒன்றை வாங்குகிறார். அதன் மென்பொருள் யாவரும் படித்துப் பார்க்கக்கூடியது. ஆனால் உள்ளே ஓர் உறுப்பு மட்டும் பூட்டிய பெட்டியாக இருக்கிறது. அவ்வுறுப்பின் பிழையை நீக்கும் திருத்தம் ஒன்று, உற்பத்தியாளரிடம் எழுதிக் கேட்டதன் பேரில் அவருக்குக் கிடைக்கிறது. அதே கைப்பேசியை வைத்திருக்கும் மற்றொருவர், 'எனக்கும் அதைத் தாருங்கள்' என்கிறார். 'பிறருக்கு வழங்கலாகாது' என்று உரிமப் பத்திரம் சொல்கிறது. கொடுப்பது அறமா, கொடாமை அறமா?

கைப்பேசிக்குள் இரண்டு உலகங்கள்

பொருளைச் சற்று விளக்கிவிட்டு மேலே செல்வது நலம். கைப்பேசி என்பது ஒரே கணினி அன்று. பல கணினிகள் ஒரு கூட்டுக்குள் குடியிருக்கும் வீடு. நாம் தொட்டுப் பார்க்கும் திரையை ஆள்வது ஒன்று. கோபுரத்தோடு வானொலி அலைகளால் பேசும் மோடம் மற்றொன்று. கம்பியில்லா இணையச் சில்லு பிறிதொன்று. இச்சிறு கணினிகளை இயக்க அவற்றினுள்ளே அமைந்திருக்கும் நிரலையே 'ஃபர்ம்வேர்' என்கின்றனர். தமிழில் நிலைப்பொருள் என்றும் வழங்குவர். பெரும்பாலும் இது உற்பத்தியாளரின் தனியுடைமை. அதன் மூலநிரலை வெளியார் காண இயலாது.

அமெரிக்காவின் பியூரிசம் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, 2019 முதல் அனுப்பத் தொடங்கிய கைப்பேசி லிப்ரம் 5. அதன் பக்கவாட்டில் மூன்று விசைகள் உள்ளன. ஒன்று மோடத்தையும், ஒன்று கம்பியில்லா இணைப்பையும், ஒன்று ஒளிப்படக் கருவியையும் ஒலிவாங்கியையும் மின்சாரத்தையே துண்டித்து நிறுத்திவிடும். 2020இல் விற்பனைக்கு வந்த பைன்ஃபோன் என்னும் மலிவான கைப்பேசியிலும் பின்மூடியைக் கழற்றினால் இத்தகைய சிறு விசைகள் ஆறு காணப்படும். மோடத்தை நம்ப முடியாது என்பதை ஒப்புக்கொண்டே இக்கருவிகள் வடிவமைக்கப்பட்டன. இரண்டிலும் மோடம் முதன்மைக் கணினியின் நினைவகத்தைத் தொடாதவாறு, யூஎஸ்பி இணைப்பின் அப்பால், வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

இவ்வச்சம் வீணானதன்று. ரெப்ளிகன்ட் என்னும் கட்டற்ற கைப்பேசி மென்பொருளை உருவாக்கியோர், சாம்சங் கேலக்சி வகைக் கைப்பேசிகள் சிலவற்றில் மோடத்தின் கட்டளைக்கிணங்க முதன்மைச் சேமிப்பகக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் வழியிருப்பதை 2014இல் அறிவித்தனர். ஆகவே விருந்தாளியைத் திண்ணையிலேயே நிறுத்தியது அறிவுடைமையே.

ஆயினும் திண்ணையில் நிற்பவனுக்கும் நோய் வரும். அவன் நோய்க்கு மருந்து வேண்டும். அம்மருந்தின் பெயர்தான் நிலைப்பொருள் திருத்தம்.

மருந்து தாமதமானால்

2017இல் பிராட்காம் நிறுவனத்தின் கம்பியில்லா இணையச் சில்லுகளில் ஒரு பிழை கண்டறியப்பட்டது. பயனர் எதையும் தொட வேண்டியதில்லை. கைப்பேசி அலை எட்டும் தொலைவில் இருந்தாலே அதன் சில்லுக்குள் அயலான் நுழையலாம் என்பது அப்பிழையின் இயல்பு. அச்சில்லு ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஐஃபோன்களிலும் இருந்தது. 2023 மார்ச்சு மாதத்தில் கூகுளின் ஆய்வுக் குழு, சாம்சங்கின் எக்சினோஸ் மோடங்களில் பதினெட்டுப் பிழைகளைக் கண்டதாக அறிவித்தது. அவற்றுள் நான்கு மிகக் கொடியவை. ஒருவருடைய தொலைபேசி எண் தெரிந்தாலே போதும், அவர் அறியாமல் அவர் மோடத்தைக் கைப்பற்றலாம். இத்தகைய பிழையுடன் ஒருவர் நடமாடுவது, தாழ்ப்பாள் உடைந்த வீட்டில் உறங்குவதை ஒக்கும்.

பிழை ஒருபுறமிருக்க, காலமும் பழைய நிலைப்பொருளைப் பயனற்றதாக்குகிறது. அமெரிக்காவின் பெருநிறுவனங்கள் 2022ஆம் ஆண்டில் தம் மூன்றாம் தலைமுறை வலைகளை நிறுத்தின. அதுவரை அவ்வலை வழியே பேசிய கைப்பேசிகள், நான்காம் தலைமுறை வலையிலேயே குரலை அனுப்பக் கற்றாலன்றி ஊமையாகிவிடும். அக்கல்வியைத் தருவதில் மோடத்தின் நிலைப்பொருளுக்குப் பெரும் பங்குண்டு. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் மூன்றாம் தலைமுறை வலை நின்றபோது, புதிய வலையில் அவசர உதவி எண்ணை அழைக்க இயலாத கைப்பேசிகளைத் தம் வலையிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று அந்நாட்டு விதி நிறுவனங்களைப் பணித்தது. திருத்தம் கிடைத்தவனுக்குக் கைப்பேசி உண்டு. கிடைக்காதவனுக்கு அஃது ஒரு கண்ணாடித் துண்டு. நெஞ்சுவலி வந்த நள்ளிரவில் இவ்வேறுபாடு எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை.

வாக்கும் உதவியும்

இனி அறத்தின் பக்கம் வருவோம். வள்ளுவர் கள்ளாமையை 29ஆம் அதிகாரமாகவும் வாய்மையை 30ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். ஒப்புரவறிதலுக்கு 22ஆம் அதிகாரத்தையும், ஈகைக்கு அதனை அடுத்த அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்தார். பிறர் பொருளைக் கவராமை, சொல்லில் உண்மை, கூடி வாழ்வோர் ஒருவர்க்கொருவர் செய்யும் கடமை, இல்லாதவர்க்குக் கொடுத்தல் ஆகியவை தனித்தனி அறங்கள் என்பது இப்பகுப்பால் விளங்கும். நம் வினாவின் சிக்கலும் இதுவே. ஒப்புரவு 'கொடு' என்கிறது. வாய்மை, 'கொடேன் என்று சொல்லியிருக்கிறாயே' என்கிறது. கள்ளாமை, 'அது யாருடைய பொருள்?' என்று கேட்கிறது.

வாய்மையை முதலில் எடுத்துக்கொள்வோம். மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு, 1980ஆம் ஆண்டையொட்டி, ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. பழைய பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி அனுப்பும்படி நிரலை மாற்றியிருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதிய பொறிக்கோ மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதறிந்து நேரில் சென்று கேட்டார். தருவதில்லை என வாக்குக் கொடுத்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் சினத்துடன் திரும்பினார். 1983இல் அவர் அறிவித்த குனு திட்டத்துக்கும், 1985இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கும் ஊற்றுக்கண்களுள் அந்த மறுப்பும் ஒன்று.

இந்நிகழ்ச்சியில் குற்றம் யாருடையது? வாக்கைக் காத்தவர் பொய்யர் அல்லர். ஆயின் அவர் கொடுத்த வாக்கு எத்தகையது? 'என் அண்டை வீட்டாருக்கு உதவ மாட்டேன்' என்று முன்கூட்டியே, அந்த அண்டை வீட்டார் யாரென்றே அறியாமல் கொடுத்த வாக்கு. பிழை வாக்கைக் காத்ததில் இல்லை. வாக்கைக் கொடுத்ததில் இருக்கிறது. கொடுத்தபின் மறைவில் மீறுவது முதற்பிழையைத் திருத்துவதாகாது. அதனோடு ஒரு பொய்யைச் சேர்ப்பதாகும். எனவே, இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டு ஒருவர் திருத்தத்தைப் பெற்றிருப்பின், அவர் அதைக் கள்ளத்தனமாக வழங்குவதை நான் போற்ற மாட்டேன். அத்தகைய கையெழுத்தை இனி இடாதிருப்பதையே போற்றுவேன்.

தூய்மையின் எல்லை

வேறொரு பக்கத்திலிருந்தும் மறுப்பு எழுகிறது. அது வணிகரிடமிருந்து எழுவதன்று. கட்டற்ற மென்பொருள் அன்பர்களிடமிருந்தே எழுகிறது. 'பூட்டிய நிரலைப் பகிர்ந்தால் பூட்டையே பரப்புகிறோம். உரிமையற்ற பொருளை ஊருக்கெல்லாம் வழங்குவது விடுதலைக்கு உதவாது' என்பர் அவர்கள். எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதம் அன்று இது. திண்ணையில் நிற்பவனுக்கு நாள்தோறும் விருந்திட்டால் அவன் ஒருநாள் வீட்டுக்குள் வந்துவிடுவான்.

ஆனால் இக்கொள்கையை எல்லை வரை கொண்டு சென்றால் விந்தையான இடத்தில் நிற்கிறோம். பயனரின் விடுதலையை மதிக்கும் கருவிகளுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஒரு சான்று வழங்குகிறது. துணைச் செயலி ஒன்றில், பயனர் மாற்றும் நோக்கமின்றி அமைந்த நிரலை வன்பொருளைப் போன்றதாகக் கருதி அச்சான்றின் விதி விலக்களிக்கிறது. லிப்ரம் 5இல் நினைவகத்தைப் பழக்கும் ஒரு சிறு நிரல் தனியுடைமையானது. அதை முதன்மைச் செயலி தீண்டாதவாறு தனிச் சேமிப்பில் வைத்து, துணைச் செயலி ஒன்றின் கையாலேயே எடுத்து ஊட்டும்படி பியூரிசம் ஏற்பாடு செய்தது. மடியாக இருப்பவர் தீட்டுப் பொருளைக் கோல் கொண்டு நகர்த்துவது நம் பாட்டிமார் காலத்தில் கண்ட காட்சியே. பொருள் வீட்டில்தான் இருக்கிறது. கை மட்டும் படவில்லை. இதை நகைப்பதற்காகச் சொல்லவில்லை. கோல் கொண்டாவது எல்லையை நினைவில் வைத்திருப்பவன், எல்லையையே மறந்தவனைவிட மேலானவன். ஆயினும் திருத்தவே முடியாத பிழை தூயது, திருத்தக்கூடிய பிழை தீட்டு என்னும் முடிவுக்கு நம்மைக் கொண்டுவிடும் விதியை மறுபடி எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

அவ்வாறு எண்ணிப் பார்த்தவர்கள் டெபியன் குழுவினர். தன்னார்வலரால் இயங்கும் இவ்வமைப்பு, நிறுவும் வட்டில் தனியுடைமை நிலைப்பொருளைச் சேர்ப்பதில்லை என நெடுங்காலம் உறுதியாக நின்றது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தித் தன் சமூக ஒப்பந்தத்தையே திருத்தியது. 2023 சூன் மாதம் வெளிவந்த டெபியன் 12இலிருந்து அதிகாரபூர்வ வட்டிலேயே நிலைப்பொருளும் இடம்பெற்றது. இம்மாற்றத்துக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று நெஞ்சைத் தொடுவது. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலி எழும்புவதற்கே நிலைப்பொருள் வேண்டும். ஒலி இல்லாவிடில், திரையைக் காண முடியாத பார்வையற்றவர் பேச்சொலியின் துணைகொண்டு கணினியை நிறுவ இயலாது. பிறர் நலத்துக்காக எழுந்த கொள்கை, பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும் நிலை வந்தபோது, கொள்கையை விட்டுவிடாமலே கதவை அகலத் திறந்தனர். சேர்க்கப்பட்ட நிலைப்பொருளைத் தனிப் பகுதியாக வகுத்து வைத்தனர். அதை விரும்பாதவர் விலக்கிக்கொள்ள வழியும் வைத்தனர். மறைக்காமல் வழங்கிய இவ்வழியே நேர்மையானது.

முத்திரையிட்ட உறை

'பயனர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டால் கலப்படம் நுழையும். பாதுகாப்புக்காகவே தடுக்கிறோம்' என்று உற்பத்தியாளர் கூறுவதுண்டு. கலப்படம் என்னும் அச்சம் மெய்யானது. அந்தரங்கம் நாடுவோர் கூடும் இடத்தில் நச்சு கலந்த நிரலை விதைப்பது பகைவனுக்கு நல்ல உத்தி. ஆயின் தடைதான் அதற்கு மருந்தா?

இக்காலச் சில்லுகள் பலவும் உற்பத்தியாளரின் மின்கையொப்பம் உள்ள நிலைப்பொருளையே ஏற்கும். ஓர் எழுத்து மாறினாலும் புறக்கணிக்கும். முத்திரை உடையாத உறையைக் கொண்டுவரும் தபால்காரர் நல்லவரா தீயவரா என்று நாம் ஆராய்வதில்லை, முத்திரையையே பார்க்கிறோம். எந்தப் பூட்டு உரிமையாளரின் கையைக் கட்டுகிறதோ, அந்தப் பூட்டே பகிர்வின் இடரையும் நீக்கிவிடுகிறது. ஆகவே கையொப்பம் இட்டுவிட்டு, 'பகிர்ந்தால் கேடு' என்றும் சொல்வது ஒன்றுக்கொன்று பொருந்தாத கூற்று.

கையொப்பக் காவல் இறுக்கமாக இல்லாத இடத்தில் வேறொரு நன்மை விளைந்தது. பைன்ஃபோனில் உள்ள குவெக்டெல் நிறுவனத்து மோடத்தினுள்ளே ஒரு சிறு லினக்ஸ் இயங்குகிறது. தன்னார்வலர் அப்பகுதியைப் பெரும்பாலும் திறந்த நிரலால் மாற்றி எழுதினர். விரும்பியோர் அதை நிறுவிக்கொண்டனர். வானொலி அலையை ஆளும் உட்பகுதி மட்டும் இன்றளவும் பூட்டியே இருக்கிறது. பாதிப் பெட்டி திறந்தது; மறுபாதிக்குத் திருத்தம் வேண்டின், உற்பத்தியாளரின் வாயிலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

உற்பத்தியாளர் பக்கம் மற்றொரு நியாயமும் உண்டு. அதை மறைத்தல் ஆகாது. மோடத்தின் நிலைப்பொருள் வானலை விதிகளுக்கும் வலை நிறுவனங்களின் சான்றுக்கும் உட்பட்டது. ஒரு நாட்டுக்கு உரிய பதிப்பு மற்றொரு நாட்டில் பொருந்தாமற் போகலாம். தவறான பதிப்பை ஏற்றினால் கருவி செங்கல்லாகிவிடக்கூடும். இவையாவும் மெய். இவை எச்சரிக்கையோடு வழங்க வேண்டும் என்பதற்குக் காரணங்களாகுமேயன்றி, வழங்கவே கூடாது என்பதற்குக் காரணங்கள் ஆகமாட்டா. மருந்துப் புட்டியில் அளவு எழுதி ஒட்டுகிறோம். மருந்தையே ஒளித்து வைப்பதில்லை.

திருத்தச் சீட்டு

இனிக் கள்ளாமையின் வினாவுக்கு வருவோம். இத்திருத்தம் யாருடைய பொருள்?

மத்திய அரசு அலுவலகத்தில் விதி நூல்களோடு காலங்கழிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஓர் உவமை சொல்வேன். அரசு விதிகள் அடங்கிய தொகுதி அச்சாகி விலைக்கு வரும். பின்னர் ஒரு விதியில் பிழை காணப்பட்டாலோ மாற்றம் வந்தாலோ, திருத்தச் சீட்டு வெளியாகும். எழுத்தர் அதைக் கத்தரித்து, உரிய பக்கத்தில் பசையால் ஒட்டுவார். பக்கத்துப் பிரிவில் சீட்டு கிடைக்கவில்லை என்றால் நம்மிடமிருந்து படியெடுத்துக்கொள்வார்கள். 'இச்சீட்டு எனக்கு மட்டுமே வந்தது; நீர் பழைய விதிப்படியே ஓய்வூதியம் கணக்கிடும்' என்று எந்த எழுத்தரும் சொன்னதில்லை. சொன்னால் அவரை என்னவென்பது? அந்த மேசையில் கெடப்போவது யாரோ ஒரு முதியவரின் ஓய்வூதியம் அன்றோ?

நிலைப்பொருள் திருத்தமும் இத்தகையதே. அது புதிய பண்டம் அன்று. முன்பே விற்ற பண்டத்தின் குறைதீர்ப்பு. கைப்பேசியின் விலையைக் கொடுத்தவர், பிழையில்லாக் கைப்பேசிக்கே விலை கொடுத்தார். பிழை இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. ஆகவே திருத்தம் வாங்கியவருக்கு உற்பத்தியாளர் பட்டிருக்கும் கடன். அதே கருவியை விலை கொடுத்து வாங்கிய மற்றொருவருக்கு அத்திருத்தத்தை மாற்றாமல் கொடுப்பது, உற்பத்தியாளரின் கடனை அவர் சார்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே. இதில் யாருடைய விற்பனையும் குறையவில்லை; எவருடைய தொழில் இரகசியமும் வெளிப்படவில்லை; மூலநிரல் பூட்டியபடியே இருக்கிறது. அறநூல் நோக்கில் இது களவு ஆகாது. ஈகையும் ஆகாது, ஏனெனில் பெறுபவர் இரவலர் அல்லர். இது ஒப்புரவு.

ஆனால் சட்டம் இவ்வாறு பகுத்துப் பார்ப்பதில்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலின் படியை முறையாகப் பெற்றவர் தம் பயனுக்காகக் காப்புப்படி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. பிறருக்கு வழங்கும் உரிமையை அளிக்கவில்லை. அறமும் சட்டமும் பிரியும் இடத்தில் குடிமகன் செய்யத்தக்கது, சட்டம் இல்லை என்று பாவித்துக்கொள்வது அன்று. பிரிவினை எங்கே நேர்ந்தது என்று சுட்டிக்காட்டி, அதை மூடும்படி கேட்பதே.

செய்யத்தக்கது யாது?

மூடுவது இயலாத காரியமும் அன்று. லினக்ஸ் உலகில் நிலைப்பொருள் வழங்குவதற்கென 2015ஆம் ஆண்டு முதல் எல்விஎஃப்எஸ் என்னும் பொதுச் சேவை ஒன்று நடைபெற்று வருகிறது. உற்பத்தியாளரே திருத்தத்தை அங்கே ஏற்றி, வழங்கும் உரிமையையும் அளிக்கின்றனர். டெல், லெனோவோ போன்ற பெருநிறுவனங்கள் அதில் பங்கு கொண்டுள்ளன. மூலநிரலை எவரும் திறந்து காட்டவில்லை, வணிகமும் நொடித்துவிடவில்லை. ஓப்பன்பிஎஸ்டி குழுவினரும் உற்பத்தியாளரிடம் நெடுங்காலமாக இதையே கேட்டு வருகின்றனர்: 'மூலநிரல் தாராவிட்டாலும், நிலைப்பொருளை அப்படியே வழங்க இசைவு தாருங்கள்.' மாற்றாமல் பகிரும் உரிமை என்பது விடுதலையின் உச்சி அன்று; அதன் முதற்படி. அதையும் மறுப்பவர், தாம் விற்ற பொருளின் குறையைத் தாமே சிறைவைக்கிறார்.

ஆகவே, திருத்தம் கையில் கிடைத்த நம் அன்பர் செய்யத்தக்கது எது? அது தம்மிடம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்தப் பதிப்பு, எந்தப் பிழையைத் தீர்ப்பது, யாரிடம் எவ்வாறு கேட்டால் கிடைக்கும், கிடைத்த கோப்பு உண்மையானதா என்று ஒப்பிட்டறியும் சரிபார்ப்பு எண் எது என்பனவற்றை ஊரறியச் சொல்லலாம். இவ்வறிவுக்கு உரிமப் பூட்டு பொதுவாக இல்லை. கேட்பவர் ஒருவராக இருந்தால் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். நூற்றுவர் பெயரோடு, வழங்கும் இசைவு வேண்டி விண்ணப்பம் போனால் மறுமொழி வரக்கூடும். இரகசிய வாக்கில் கட்டுண்டவர் அக்கட்டை வெளிப்படையாகச் சொல்லி விடுதலை கேட்கலாம். ஒருவருடைய உயிரோ பாதுகாப்போ அன்றைக்கே இடரில் இருந்து, கேட்டுப் பெற நேரமும் இல்லையெனில், மாற்றாத கோப்பைக் கொடுத்துவிட்டு, 'நான் கொடுத்தேன்' என்று பொறுப்பேற்கும் மனிதனை நான் குறை கூற மாட்டேன். முகமூடி அணிந்து கொடுப்பவனுக்கும் முகம் காட்டிக் கொடுப்பவனுக்கும் வேறுபாடு உண்டு.

உற்பத்தியாளர் ஒரு கருவிக்குத் திருத்தம் தருவதை அடியோடு நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பது இவ்வினாவின் கடைசிக் கிளை. அந்தரங்கப் பாதுகாப்பில் பெயர்பெற்ற கிராஃபீன்ஓஎஸ் போன்ற அமைப்பும், உற்பத்தியாளரின் நிலைப்பொருள் திருத்தம் நின்றுபோன கைப்பேசிகளுக்குத் தன் முழு ஆதரவைத் தொடர இயலுவதில்லை. உள்ளிருக்கும் பெட்டியைப் பிறர் தைக்க முடியாதன்றோ? கடனைத் தீர்க்க மாட்டேன் என்று எழுந்து போனவர், கடன் பத்திரத்தின் மேல் மட்டும் உரிமை கொண்டாடுவது முறையாகாது. திருத்துவதை நிறுத்தும் நாளிலேனும் திருத்தும் வழியை மற்றவர்க்குத் திறந்துவிடுதல், விற்றவரின் கடமை.

அந்தரங்கம் என்பது தனித்திருக்கும் உரிமை என்று பொதுவாகக் கருதுகிறோம். ஆயின் அந்தரங்கத்தைக் காக்கும் கருவியைத் தனித்திருந்து காக்க முடியாது. ஒருவர் கண்ட பிழையை மற்றவர்க்குச் சொல்லி, ஒருவர் பெற்ற மருந்தை மற்றவர் பெறும் வழியைச் செய்து, பலர் கூடியே ஒவ்வொருவரின் கதவுக்கும் தாழ்ப்பாள் பொருத்த வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதை அறிந்தும் வாளாவிருப்பவர், தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதனால் மட்டும் பாதுகாப்பாக வாழ்வதாக எண்ணிவிடலாகாது.